மூன்றாவது வாரத்துப் பதிவேடு



வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும் என்று சொல்வதற்கு ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் கூட்டத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் இதைச் சொல்கிறார்கள். பெற்றோர் தலையசைக்கிறார்கள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பிறகு ஹால் டிக்கெட் வரும் வேளையில் ‘லேக் ஆஃப் அட்டெண்டன்ஸ்’ பட்டியல் அறிவிப்புப் பலகையில் வழக்கமான நீளத்தில் ஒட்டப்படுகிறது. அறிவுரைக்குப் பஞ்சம் வந்து இந்த நிலை ஏற்படவில்லை. வருகையை நாம் எண்ணிப் பார்க்கும் நாள் தவறானது என்பதுதான் இன்று நான் முன்வைக்கும் வாதம். செமஸ்டர் முடியும்போது உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்க்கிறோம். மாணவனுக்கு வந்த நட்டமோ மூன்றாவது வாரத்திலேயே வந்து முடிந்திருக்கிறது. வகுப்பறையின் அருமையை உண்மையாகவே நம்புகிறவர்கள் வருகைப் பதிவேட்டை முதல் மாதத்தில் திறந்து படிக்க வேண்டும். கடைசி மாதத்தில் திறந்தால் அது தண்டனைக்கு மட்டுமே பயன்படும்.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ஆண்டுக்கு 180 வேலைநாள், செமஸ்டருக்கு 90. கலை அறிவியல் கல்லூரிகளில் நாளுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு. நூற்றுக்கு 75 வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர் காரணம் காட்டி, காண்டனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். 50-க்கும் 65-க்கும் இடையில் நிற்பவர் அந்த செமஸ்டரில் எழுத முடியாது. அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். 50-க்கும் கீழே போனவர் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சிறு மாறுதல்கள் உண்டு. ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. சட்டப் படிப்பில் 70, மருத்துவத்தில் செய்முறைக்கு 80 என்று படிப்புக்குப் படிப்பு எண் மாறும். 2023 ஜனவரியில் கேரள அரசு மாதவிடாய் நாள்களைக் கருதி, தன் பல்கலைக்கழக மாணவியருக்கு 73 போதும் என்றது, நல்ல முடிவு. எண் எதுவானாலும் அது ஒரு கூட்டுத்தொகை. தொண்ணூறில் 68 நாள் வந்தால் போதும், 22 நாள் வராமல் இருக்கலாம். அந்த 22 நாள் எந்த 22 நாள் என்று விதி கேட்பதே இல்லை.

பாடம் கேட்கிறது. நம் கல்லூரிகளில் கால அட்டவணை ‘டே ஆர்டர்’ கணக்கில் ஓடுகிறது. ஆறு நாள் ஒரு சுற்று, தொண்ணூறு நாளில் பதினைந்து சுற்று. ஒரு முதன்மைப் பாடத்துக்குச் சுற்றுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 75 மணி நேரம். பாடத்தில் ஐந்து யூனிட். ஒரு யூனிட்டுக்கு 15 மணி நேரம், அதாவது பதினெட்டு நாள். விதி விட்டுக்கொடுக்கும் 22 நாளைச் சேர்ந்தாற்போல் எடுத்துக்கொண்டால் ஒரு முழு யூனிட்டும் அடுத்ததன் தொடக்கமும் போய்விடும். போனது ஐந்தாவது யூனிட் என்றால் சேதம் அதோடு நிற்கும். முதல் யூனிட் என்றால்? பி.காம். முதல் செமஸ்டரின் நிதிக் கணக்கியலை எடுத்துக்கொள்வோம். தொடக்க நாள்களில் குறிப்பேட்டில் பதிவது எப்படி என்று கற்றுத்தருகிறார்கள். ‘ராமுவுக்கு 5,000 ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு விற்றது’ என்று ஒரு நடவடிக்கை. பள்ளியில் அறிவியல் பிரிவு படித்துவிட்டு வந்தவனுக்கு இது புதிர். பணமே கைக்கு வரவில்லையே, எதை எழுதுவது? நல்ல ஆசிரியர் உடனே விடையைச் சொல்லிவிட மாட்டார். ‘பணத்தை விடப்பா, சரக்கை வாங்கிக்கொண்டு போனது யார்?’ என்பார். ராமு. ‘அப்படியென்றால் ராமு கணக்கில் பற்று. எதனால் போனது? விற்பனையால். விற்பனைக் கணக்கில் வரவு.’ அடுத்து, ராமு பாதிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பார். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் தப்பாகச் சொல்வான். அந்தத் தப்பைக் கரும்பலகையில் எழுதி, எந்த இடத்தில் வழுக்கியது என்று வகுப்பே சேர்ந்து பார்க்கும். இரண்டு மூன்று நாளில் இப்படிக் கேள்வி கேட்டுப் பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்குக் கைவந்துவிடும்.

அந்த இரண்டு மூன்று நாளைத் தவறவிட்டவன் நண்பனுடைய நோட்டை வாங்கி ஜெராக்ஸ் எடுக்கிறான். நோட்டில் சரியான பதிவு மட்டும் இருக்கிறது. பின்பெஞ்சுக்காரன் சொன்ன தப்பு அதில் இல்லை. ஆசிரியர் கேட்ட கேள்வியும் இல்லை. பாடத்தின் உயிர் அந்த இரண்டில்தான் இருந்தது. பிறகு பேரேடு வருகிறது, இருப்பாய்வு வருகிறது, இறுதிக் கணக்குகள் வருகின்றன. இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்துப்போகாதபோது, வித்தியாசத் தொகையை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு மேலே போக அவன் கற்றுக்கொள்கிறான். செப்டம்பரில் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தாலும், வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானே தவிர, கேட்டது எதுவும் ஒட்டுவதில்லை. ஒட்டாத வகுப்பு அலுக்கிறது. அலுத்த வகுப்பை விட்டு வெளியே போவது எளிது. முதலில் வராமல் போனதற்குக் காரணம் காய்ச்சலாகவோ சொந்தக்காரர் வீட்டுச் சாவாகவோ இருந்திருக்கும். பின்னால் வராமல் போவதற்கு முன்பு வராததே காரணமாகிவிடுகிறது. கணிதத்தில், இயற்பியலில், மொழியியலில், ஒன்றின்மேல் ஒன்று எழும்பும் எந்தப் படிப்பிலும் இதே கதைதான். ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனியாக நிற்கும் பாடங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றில் 22 நாளை எங்கே இழந்தாலும் நட்டம் ஒன்றுதான்.

அப்படித் தவறவிட்டவர்களில் பலர் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்களே என்று கேட்பீர்கள். பெறுகிறார்கள். நம் வினாத்தாள் அதற்கு வழிவிட்டிருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் எழுத்துத் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. வினாத்தாளின் நடுப்பகுதியில் இரண்டில் ஒன்று, கடைசிப் பகுதியில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். தேர்ச்சிக்கு நூற்றுக்கு 40. இரண்டு யூனிட்டைக் கண்ணால் பார்க்காமலே கரையேறலாம் என்பது முதலாண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே ‘வகுப்புக்கே போகாமல் பாஸ் பண்ணினேன்’ என்பவன் பொய் சொல்லவில்லை. தேர்வு எதைக் கேட்காமல் விட்டது என்பதற்கு அவன் சாட்சி. வகுப்பு வீண் என்பதற்கு அது சான்றாகாது. பட்டம் வாங்கிய பிறகு ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்கிறான். டேலியில் வவுச்சர் போடத் தெரிகிறது. விற்ற சரக்கு திரும்பி வந்திருக்கிறது, கிரெடிட் நோட் போடுவதா டெபிட் நோட் போடுவதா என்று கேட்டால் விழிக்கிறான். அது ராமு திருப்பி அனுப்பிய அதே சரக்குதான்.

இனி ஆய்வுச் சான்றுக்கு வருவோம். 1993-இல் டேவிட் ரோமர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அங்குள்ள பெயர்பெற்ற கல்வி நிறுவனங்களிலேயே சராசரியாக மூன்றில் ஒரு பங்கு மாணவர் வகுப்பில் இல்லை என்று காட்டி, வருவோர் நன்றாக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்றும் காட்டினார். உடனே எதிர்ப்பு வந்தது. உழைப்பாளிப் பிள்ளைகள் வகுப்புக்கும் வருவார்கள், வீட்டிலும் படிப்பார்கள். மதிப்பெண் உழைப்பால் வந்ததா, வருகையால் வந்ததா? சரியான கேள்வி. 2010-இல் மார்க்கஸ் கிரெடேயும் உடன் ஆய்வாளர்களும் அறுபதுக்கு மேற்பட்ட மாணவர் தொகுப்புகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் நுழைவுத் தேர்வு மதிப்பெண், பள்ளி மதிப்பெண், படிப்புப் பழக்கம் ஆகிய எல்லாவற்றையும் வருகை விஞ்சி நின்றது. இதுவும் அந்தக் கேள்விக்கு முழு விடையாகாது. இரண்டும் சேர்ந்து போவதைத்தான் காட்டுகிறது. விடைக்கு அருகில் வந்தது, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் நடந்து அதே ஆண்டு வெளிவந்த ஆய்வு. பொருளியல் வகுப்புகளில், இடைத்தேர்வில் நடுமதிப்பெண்ணுக்குக் கீழே வாங்கியவர்கள் மட்டும் கட்டாயம் வகுப்புக்கு வர வேண்டும் என்று வைத்தார்கள். கோட்டுக்குச் சற்று மேலே நின்றவனும் சற்றுக் கீழே நின்றவனும் திறமையில் ஏறக்குறைய ஒன்று. ஒருவனுக்கு மட்டும் கட்டாயம். அந்தக் கட்டாயத்துக்கு உட்பட்டவன் இறுதித் தேர்வில் மேலே வந்தான். தைவானில் ச்சென், லின் என்ற இருவர் 2008-இல் வெளியிட்ட சோதனையும் வகுப்பில் இருந்ததே மதிப்பெண்ணைக் கூட்டுவதைக் காட்டியது.

நேர்மையாகப் பேசுவதென்றால் எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், முதலாண்டுச் சராசரி பத்துக்கு ஏழுக்குக் கீழே இருந்தவர்களை இரண்டாமாண்டில் 70 சதவீத வகுப்புகளுக்குக் கட்டாயமாக வரச் செய்தார்கள். 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி வருகை கூடியது, மதிப்பெண்ணோ குறைந்தது. கட்டாய வருகைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் இதை எடுத்துக்காட்டுவது இயல்பு. நான் இதை என் வாதத்துக்கே சான்றாக வைக்கிறேன். அங்கே கோடு ஏழில் இருந்தது. ஏழு என்பது அந்நாட்டில் கௌரவமான மதிப்பெண். கோட்டுக்கு இருபுறமும் நின்றவர்கள் ஓராண்டைத் தாண்டி வந்தவர்கள், தங்களுக்கு எப்படிப் படிக்க வரும் என்று ஓரளவு அறிந்துகொண்டவர்கள். அவர்களைப் பிடித்து உட்கார வைத்ததில் அவர்களுடைய நேரம் வீணானது. சாண்டா குரூஸில் கோடு வகுப்பின் நடுவில் இருந்தது. தடுமாறுகிறவனுக்கு, தடுமாறும் நேரத்தில் வகுப்பு கைகொடுக்கிறது. தடுமாற்றம் தீர்ந்தவனுக்கு அதே கட்டாயம் சுமை. எல்லோருக்கும், எல்லா ஆண்டுக்கும், ஒரே 75 என்று நாம் வைத்திருப்பதில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. மூன்றாமாண்டு மாணவியை நூலகத்தில் விட்டுவிடலாம். முதலாண்டு மாணவனை முதல் மாதத்தில் விடக்கூடாது.

அந்த முதல் மாதத்தில் வராதவன் யார்? ஒரு வகுப்பின் பதிவேட்டுப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டால், மொத்தத்தைப் பாராமல் கட்டங்கள் விழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், பாதி விடை கிடைத்துவிடும். ஒரு வரியில் திங்கட்கிழமை தோறும் ‘ஏ’ விழுந்திருக்கும். விடுதி கிடைக்காமல் உறவினர் வீட்டிலோ அறை எடுத்தோ தங்கி, வார இறுதியில் ஊருக்குப் போய்வரும் பையன் அவன். இன்னொரு வரியில் முதல் மணி மட்டும் போயிருக்கும், மற்ற நான்கும் இருக்கும். அவனுடைய ஊரிலிருந்து வரும் டவுன் பஸ் நேரத்தைக் கேட்டால் போதும், வேறு விசாரணை தேவையில்லை. மூன்றாவது வரியில் ஆவணியின் முகூர்த்த நாள்கள் வரிசையாகப் போயிருக்கும். இரவெல்லாம் மண்டபத்தில் கேட்டரிங் வேலை. காலைப் பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்று. இரண்டாம் செமஸ்டரில் இதே வரி தை மாதத்தில் காலியாகும். நான்காவது வரி இன்னும் விசித்திரம். முதல் மூன்று நான்கு வாரத்துக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும், அதன்பின் ஒரு நாளும் தவறியிருக்காது. பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்த பிள்ளைகள் கலைக் கல்லூரியை விட்டுப் போன பிறகு, அந்தக் காலியிடத்தில் சேர்க்கப்பட்டவன் அவன். சேர்ந்த நாளிலிருந்து அவனைப்போல் ஒழுங்கானவன் வகுப்பில் இல்லை. ஆனால் குறிப்பேட்டுப் பாடம் அவன் சேருமுன்பே முடிந்துவிட்டது. முதலாண்டுப் பிள்ளைகளுக்கென்று முதல் வாரத்தில் நடத்தும் ‘பிரிட்ஜ் கோர்ஸ்’ யாருக்கு மிக அவசியமோ அவனுக்குக் கிடைக்கவே இல்லை. செமஸ்டர் முடிவில் கூட்டிப் பார்க்கும்போது இந்த நால்வரும் ஏறக்குறைய ஒரே சதவீதமாக ஆகிவிடுவார்கள். நால்வருக்கும் ஒரே நோட்டீஸ்.

தமிழ்நாடு உயர்கல்விச் சேர்க்கையில் நாட்டுக்கு முன்னோடி என்று பெருமைப்படுகிறோம். 2021-22 கணக்கெடுப்பில் நாட்டின் சேர்க்கை விகிதம் 28.4, நம்முடையது 47. உண்மையான பெருமைதான். அந்த 47-க்குள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஏராளம். பாடம் புரியாவிட்டால் கேட்பதற்கு அவர்கள் வீட்டில் படித்த அண்ணன் இல்லை, ட்யூஷனுக்குக் காசு இல்லை, பலருக்குத் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறிய திகைப்பு வேறு. வசதியான வீட்டுப் பிள்ளை வகுப்பைத் தவறவிட்டால் அதை ஈடுகட்ட நான்கு வழி இருக்கிறது. இவர்களுக்கு வகுப்பு ஒன்றுதான். அரசு இதைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்துவந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. இவையெல்லாம் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடுகின்றன. ஆனால் கேட்டரிங்கில் இரண்டு மூன்று நாளில் கைக்கு வரும் தொகையோடு 1,000 ரூபாய் போட்டிபோட முடியாது என்பதும் உண்மை. வேலைக்குப் போகிறவனைக் குற்றவாளியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எந்த வாரத்து வகுப்பை விட்டால் பின்னால் எழவே முடியாது, எந்த வாரத்தை விட்டால் சமாளிக்கலாம் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவனே கணக்குப் போட்டிருப்பான். 65-க்கும் 75-க்கும் இடையில் நின்றதற்காக அவனிடமே காண்டனேஷன் கட்டணம் வாங்குவது, அந்தக் கட்டணத்துக்காக அவன் இன்னொரு முகூர்த்தம் வேலைக்குப் போவதில்தான் முடியும்.

இனி மாணவர்கள் சொல்லும் வலுவான மறுப்புக்கு வருகிறேன். ‘வந்தால் என்ன கிடைக்கிறது? கைடில் இருப்பதைச் சார் டிக்டேட் செய்கிறார், நாங்கள் எழுதுகிறோம். இதற்கு எதற்கு வர வேண்டும்?’ இந்தக் குற்றச்சாட்டைப் பொய் என்று சொல்ல முடியாது. அரசுக் கலைக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். நிரந்தரப் பணியில் இருப்பவர் வாங்கும் ஊதியத்தில் சிறு பங்கை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாமல், பல நேரம் பட்ட மேற்படிப்பு வகுப்புகளையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். ஷிப்ட் முறையில் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் மாணவன் சந்தேகம் கேட்க நிற்பதற்கு இடம்கூட இருப்பதில்லை. இப்படிப்பட்ட வகுப்பில் டிக்டேஷன் நடப்பது ஆச்சரியமா? ஆனால் மாணவர்கள் இந்த வாதத்திலிருந்து எடுக்கும் முடிவு தவறு. அறுபது பேர் வகுப்பில் இருபது பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களிலும் தினம் தினம் வேறு இருபது பேர் என்றால், எந்த ஆசிரியராலும் நேற்று கேட்ட கேள்வியைத் தொடர முடியாது. ராமு திருப்பி அனுப்பிய சரக்கைப் பற்றிக் கேட்க வேண்டுமானால், நேற்று ராமு சரக்கு வாங்கியபோது இருந்தவர்கள் இன்றும் இருக்க வேண்டும். இல்லாதபோது, யார் வந்தாலும் வராவிட்டாலும் பாதிக்கப்படாத ஒரே முறை டிக்டேஷன்தான். மோசமான வகுப்பு மாணவரை விரட்டுகிறது. மாணவர் வராமை வகுப்பை மேலும் மோசமாக்குகிறது. இதை யார் முதலில் முறிப்பது என்று கேட்டால், ஊதியம் வாங்குகிற நாம்தான் என்பேன். மாணவர் மட்டும் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பது ஆசிரியர்கள் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அதேசமயம், வகுப்பு சரியில்லை என்று வெளியேறிய மாணவர்களால் எந்த வகுப்பும் திருந்தியதில்லை. வருகிறவன்தான் ‘புரியவில்லை சார்’ என்று சொல்ல முடியும்.

யூடியூப் இருக்கிறதே என்பது அடுத்தது. இருக்கிறது, ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருபதாண்டுக்கு மேலாக இலவசமாகக் கிடைக்கின்றன. நம் வகுப்புகளில் பலவற்றைவிட அவை மேல் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இணையப் படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டவர்கள், 2017-18-இல் பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் படிப்பை முடித்தார்கள் என்று கண்டார்கள். கொரோனா காலத்தில் நமக்கே இது தெரிந்தது. 2021-இன் முதல் நான்கு மாதங்களுக்குத் தமிழ்நாட்டின் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. தரவு இலவசமாகத் தரப்பட்டது. இணைப்பு இருந்தது, கேமரா அணைந்திருந்தது. பெயர்ப் பட்டியலில் அறுபது பேரும் ‘வந்தவர்கள்’. காணொலியில் பேசுகிறவருக்கு எதிரே இருப்பவனின் முகம் தெரியாது; அவன் எந்த இடத்தில் விட்டான் என்றும் தெரியாது. இந்த இடத்தில் யாராவது கணிதமேதை இராமானுஜனை இழுத்து வருவார்கள். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தவர், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே கணிதம் கற்றவர். அவரே 1914-இல் கேம்பிரிட்ஜ் போனது எதற்கு? முன்னால் உட்கார்ந்து ‘இதற்கு நிரூபணம் என்ன?’ என்று கேட்க ஹார்டியும் லிட்டில்வுட்டும் அங்கே இருந்தார்கள். அறுபது பேர் வகுப்பில் அறுபது இராமானுஜன்கள் இருப்பதாக வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

கடைசியாக, உரிமை பற்றிய மறுப்பு. பதினெட்டு வயதானவன் வாக்களிக்கலாம், வகுப்புக்கு வருவதா வேண்டாமா என்று மட்டும் அவன் முடிவெடுக்கக் கூடாதா? 2016-இல் டெல்லியில் வருகைக் குறைவால் தேர்வெழுத விடப்படாத சட்ட மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அது குறித்த வழக்கில் 2025 நவம்பர் 3-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவைக் காரணம் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வருகை என்பதே இனி செத்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் பதறினார்கள். இரு தரப்பும் தீர்ப்பின் மறுபாதியைப் படிக்கவில்லை. மாணவரின் வருகை நிலையை வாரந்தோறும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், மாதந்தோறும் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும், குறைந்தவர்களுக்குக் கூடுதல் வகுப்பு வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளை எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை, உரிய காலத்தில் எண்ணச் சொல்கிறது. தேர்வு வாசலில் நிறுத்துவதைக் காட்டிலும் இது மாணவரின் சுயமரியாதைக்கு ஏற்றது. முடிவு அவனுடையதுதான், ஆனால் எதை இழக்கிறான் என்று தெரிந்து எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும். ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு. பல தனியார் கல்லூரிகள் ஏற்கெனவே முதல் பீரியடுக்கு வராவிட்டால் அப்பாவின் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகின்றன. அப்பா வேலை செய்யுமிடத்தில் அதைப் பார்த்து மாலையில் பையனைத் திட்டுவார். அவன் எந்தப் பாடத்தில் எந்த இடத்தை விட்டான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியது பாடம் நடத்துகிறவருக்கு.

ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் ஆசிரியர் இதற்கு எங்கே நேரம் கண்டுபிடிப்பார் என்று கேட்கிறீர்கள். அதற்கும் ஓர் அமைப்பு நம்மிடம் தாளில் இருக்கிறது. இருபது முப்பது மாணவருக்கு ஒரு மென்டர் என்று பெயர் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கல்லூரியைத் தரமதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தின இரவு அந்த நோட்டுகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் நிரம்பும் அதிசயம் பற்றி இந்த அவையில் நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோட்டில் செலவாகும் நேரத்தில் பாதி போதும். முதல் செமஸ்டரில், மூன்று சுற்று டே ஆர்டர் முடிந்த மறுநாள், பதினெட்டு நாள் பக்கத்தை மட்டும் விரித்துப் பார்த்தால், அறுபது வரியில் பத்துப் பன்னிரண்டு வரிதான் கண்ணை உறுத்தும். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரோடு ஆளுக்குக் கால்மணி நேரம் உட்கார்ந்தால் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். பஸ் நேரத்தில் சிக்கியவனுக்கு முதல் மணிப் பாடத்தை வேறு மணிக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். முகூர்த்தத்துக்குப் போகிறவனிடம் அடுத்த மாதத்தில் எந்த நாள்களைக் கண்டிப்பாக விடக்கூடாது என்று குறித்துக் கொடுக்கலாம். தாமதமாகச் சேர்ந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்து முதல் யூனிட்டின் முதல் மூன்று வகுப்பைத் திரும்ப நடத்தலாம். பிரிட்ஜ் கோர்ஸை ஜூலையில் ஒருமுறை, சேர்க்கை முடிந்த பிறகு இன்னொருமுறை என்று வைத்தால் அதற்குத் தனி நிதியும் வேண்டாம். அலுப்பில் வராதவன் ஒருவனும் அந்தப் பட்டியலில் இருப்பான். அவனிடம் எந்த வகுப்பு அலுக்கிறது என்று கேட்டு, பதில் நம் வகுப்பாக இருந்தால் கேட்டுக்கொள்ளும் தெம்பும் நமக்கு வேண்டும். இதைச் செய்யப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு கூட வேண்டியதில்லை, விதி திருத்தம் வர வேண்டியதில்லை. அந்த மூன்று மணி நேரம் யாருடைய கால அட்டவணையில் ஏறுகிறது, அவர் கௌரவ விரிவுரையாளர் என்றால் அதற்கு ஊதியம் உண்டா என்ற இரண்டை மட்டும் ஜூன் மாதத் துறைக் கூட்டத்திலேயே முடிவு செய்து, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.